வளரும் பிள்ளைகளின் உடல் வலிமை

(தாயில்பட்டியில் நிகழ்த்தப்பெற்ற ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாவதாக!

 

சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து நான் அமர்ந்திருந்தபோது நம் ஊர்ச் சகோதரர் ஒருவர் மஞ்சள் பையொன்றுடன் வந்தார். அதற்குள் குடம் போன்ற பெரிய கறுப்பு டப்பா இருந்தது. அதை என் முன் வைத்து, "ஹஜ்ரத்! இது ஹலாலா, ஹராமா? சொல்லுங்கள்" என்றார். பிளஸ் ஒன் படிக்கும் அவருடைய மகன் உடம்பை ஏற்ற வேண்டும் என்று, தாய் சீட்டுக் கட்டுவதற்காக அரிசிப் பானையில் வைத்திருந்த பணத்தை எடுத்து அதை வாங்கியிருக்கின்றான். பட்டாசு ஆலையில் நாள் முழுதும் குனிந்து வேலை செய்து அந்தத் தாய் சேர்த்த பணம் அது. தந்தையின் முகத்தில் கோபத்தைவிடக் கவலையே மிகுந்திருந்தது. "கேட்காமல் எடுத்தது குற்றம். அதை அவனிடம் பேசிக்கொள்வோம். ஆனால் இதைக் குடித்து அவனுக்கு ஏதேனும் ஆகிவிட்டால் என்ன செய்வேன்?" என்று கேட்டார்.

அன்று அவருக்கு நான் அரைகுறையாகவே பதில் சொன்னேன். பின்னர் மருத்துவம் அறிந்தவர்களிடம் கேட்டும், நூல்களைப் பார்த்தும் தெரிந்துகொண்டவற்றை இன்று உங்கள் முன் வைக்கின்றேன். இப்படி டப்பா வாங்கிய வீடு இவ்வூரில் அது ஒன்றே அன்று என்பதை நான் அறிவேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வலிமையான உடலை விரும்புவது பாவம் அன்று. பிள்ளை கண்ணாடி முன் நின்று புஜத்தை மடக்கிப் பார்த்தால் உடனே "துன்யா ஆசை" என்று ஏசுகின்ற பெரியவர்கள் நம்மில் உண்டு. அது முறையன்று. வலிமையுள்ள இறைநம்பிக்கையாளர் பலவீனமானவரைவிட அல்லாஹ்வுக்கு மிகவும் விருப்பமானவர் என்றும், ஆயினும் இருவரிடத்திலும் நன்மை உண்டு என்றும் நபி (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள் (முஸ்லிம்). ஈமானின் உறுதியையே இது முதன்மையாகக் குறிக்கும் என்று அறிஞர்கள் விளக்கினாலும், உடலின் வலிமையை அதிலிருந்து எவரும் விலக்கிவிடவில்லை. மத்யனில் மூஸா (அலை) அவர்களைப் பணிக்கு அமர்த்துமாறு தம் தந்தையிடம் பரிந்துரைத்த பெண், அவர்களின் இரு தன்மைகளைச் சொன்னார்: வலிமை, நம்பகத்தன்மை (அல்குர்ஆன் 28:26). தாலூத்தை அரசராக்கியபோது, செல்வம் இல்லாதவர் எப்படி அரசராகலாம் என்று பனூ இஸ்ராயீல்கள் முறையிட்டார்கள். அறிவிலும் உடலிலும் அல்லாஹ் அவருக்கு மிகுதியை அளித்திருக்கின்றான் என்பதே அவர்களுக்குக் கிடைத்த பதில் (2:247). அங்கே அறிவு முதலில் சொல்லப்பட்டு, உடல் இரண்டாவதாகச் சொல்லப்பட்டிருப்பதையும் இளைஞர்கள் கவனிக்க வேண்டும்.

ஆக, ஆசை சரியானதே. அதை அடைவதற்கான வழியில்தான் பிழை நேர்கின்றது.

இதற்கு ஒரு சம்பவத்தை நினைவூட்டுகின்றேன். உஹதுப் போருக்காக முஸ்லிம்கள் புறப்பட்டபோது இப்னு உமர் (ரலி) அவர்களும் வந்து நின்றார்கள். அப்போது அவர்களுக்கு வயது 14. நபி (ஸல்) அவர்கள் அனுமதிக்கவில்லை. அகழ்ப் போரின்போது வயது 15 ஆகியிருந்தது. அப்போது அனுமதித்தார்கள் (புகாரி, முஸ்லிம்). அதே உஹதில் ராஃபிஉ இப்னு கதீஜ் (ரலி) என்ற சிறுவர் நன்றாக அம்பெய்வார் என்பதால் சேர்க்கப்பட்டார். அதைக் கண்ட ஸமுரா இப்னு ஜுன்துப் (ரலி), தம்மால் அவரை மல்யுத்தத்தில் வீழ்த்த முடியும் என்றார். இருவரையும் மோதவிட்டுப் பார்த்து, ஸமுரா வென்றதால் அவரையும் சேர்த்துக்கொண்டார்கள் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ஒரு பிள்ளையின் ஆர்வத்தை மட்டும் பார்த்து அவன் தோளில் சுமையை ஏற்றவில்லை நம் நபி (ஸல்) அவர்கள். அவன் உடல் அதற்கு ஆயத்தமாகிவிட்டதா என்று பார்த்தார்கள். ஆயத்தமாகாதவனைக் காத்திருக்கச் சொன்னார்கள். அந்தக் காத்திருப்பு இப்னு உமருக்கு எந்தக் குறையையும் உண்டாக்கிவிடவில்லை.

இன்று நம் பிள்ளைகளுக்கு அந்தக் காத்திருப்புதான் கசக்கின்றது. மூன்று மாதத்தில் உடம்பு ஏற வேண்டும். பெருநாளைக்கு இறுக்கமான சட்டை போட வேண்டும்.

தசை எவ்வாறு வளர்கின்றது?

எடையைத் தூக்கும்போது தசை வளர்வதில்லை. அப்போது தசையின் நுண்ணிய இழைகள் களைத்து, சற்றே சேதமும் அடைகின்றன. அதன்பின் நாம் உண்டு, ஓய்வெடுத்து, உறங்கும் வேளையில்தான் உடல் அவ்விழைகளைச் செப்பனிட்டு முன்பைவிடத் தடித்தவையாகக் கட்டுகின்றது. கொத்தனார் சுவர் எழுப்புவதை எண்ணிப் பாருங்கள். உடற்பயிற்சி என்பது "இங்கே சுவர் வேண்டும்" என்ற உத்தரவு மட்டுமே. புரதம் செங்கல், சோறும் ரொட்டியும் தரும் மாவுச்சத்து கூலியாட்களுக்கான உணவு, உறக்கம் வேலை நடக்கும் நேரம். உத்தரவை நாள்தோறும் போட்டுக்கொண்டே, செங்கல்லும் தராமல் வேலைக்கு நேரமும் விடாமல் இருந்தால் சுவர் எழாது. இருக்கின்ற சுவரும் பெயரும்.

ஆகவே ஒரு தசைத் தொகுதிக்குப் பயிற்சி கொடுத்தால் அதற்கு ஏறத்தாழ 48 மணி நேரம் ஓய்வு தேவை. வளரும் பிள்ளைக்கு வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள் எடைப் பயிற்சி போதுமானது. அதுவும் தெரிந்தவர் ஒருவரின் மேற்பார்வையில், தண்டால், பஸ்கி, சிறு எடை என்று படிப்படியாக ஏற வேண்டும். எடை தூக்கினால் உயரம் நின்றுவிடும் என்று பெரியவர்கள் சொல்வது, முறையாகச் செய்யும் பயிற்சிக்குப் பொருந்தாது. பருவ வளர்ச்சி நிறைவடையாத 13, 14 வயதுச் சிறுவனுக்கு எவ்வளவு தூக்கினாலும் பெரியவர்களின் தசை வராது. பலம் கூடும், பருமன் பின்னால்தான் வரும். அது அல்லாஹ் வகுத்த வரிசை.

சோற்றுத் தட்டில் இருக்கும் செல்வம்

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, 13 முதல் 15 வயதுவரையுள்ள ஆண்பிள்ளைக்கு நாளொன்றுக்கு 45 கிராம் புரதமும், 16 முதல் 18 வயதுவரை 55 கிராம் புரதமும் வேண்டும். அதே வயதுகளில் பெண்பிள்ளைக்கு 43, 46 கிராம். கடுமையாகப் பயிற்சி செய்கின்றவனுக்குச் சற்றுக் கூடுதலாக, 55 கிலோ எடையுள்ள பையனென்றால் ஏறத்தாழ 70 கிராம் என்று வைத்துக்கொள்வோம். இதை நம் வீட்டு அடுப்பங்கரையிலிருந்தே திரட்ட முடியுமா?

காலையில் சாம்பாருடன் இட்லி உண்டால் 8 கிராம் வரும். அவித்த முட்டை ஒன்றில் 6 கிராம். இரண்டு முட்டைக்கு 12. மதியம் சோறு, பருப்பு, பள்ளியில் தரும் முட்டை என்று 16. மாலையில் 50 கிராம் பச்சைப்பயறை அவித்துச் சுண்டலாக்கினால் 11. இரவில் தோசையோ சப்பாத்தியோ பருப்புடன் உண்டால் 11. ஒரு தம்ளர் பாலில் 6. ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7. கூட்டிப் பாருங்கள், 71 கிராம் ஆகிவிட்டது. இவை தோராயக் கணக்கே எனினும், இதில் இறைச்சியும் மீனும் இன்னும் சேரவில்லை. வெள்ளிக்கிழமை வீட்டில் கறி ஆக்கினால் அன்றைய கணக்கு இதையும் தாண்டிவிடும். இவற்றை ஒரே வேளையில் அடைத்துக்கொள்ளாமல் மூன்று நான்கு வேளையாகப் பிரித்து உண்பதே உடல் பயன்படுத்திக்கொள்ள ஏற்றது. வயிற்றில் மூன்றிலொரு பங்கை உணவுக்கும், ஒரு பங்கைப் பானத்திற்கும், ஒரு பங்கை மூச்சுக்கும் விடுமாறு நபி (ஸல்) அவர்கள் கற்பித்த முறைக்கும் (திர்மிதீ) அதுவே இசைவானது.

பள்ளி முட்டையைச் சொன்னேன் அல்லவா? அதில் எனக்கொரு மனக்குறை உண்டு. நமது விருதுநகர் மண்ணில் பிறந்த காமராசர் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் மதிய உணவு தந்தார். 1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். பின்னர் முட்டை சேர்ந்தது. இன்று பத்தாம் வகுப்புவரை பள்ளி நாட்களில் முட்டை கிடைக்கின்றது. ஆனால் எட்டாம் வகுப்பைத் தாண்டியதும் நம் பையன்கள் சத்துணவு வரிசையில் நிற்க வெட்கப்படுகின்றார்கள். தட்டேந்தி நிற்பதைக் கேவலமாக நினைக்கின்றார்கள். கையில் வந்த முட்டையை வெட்கப்பட்டு விட்டுவிட்டு, அதே புரதத்தைத் தாயின் சீட்டுப் பணத்தில் டப்பாவாக வாங்குவது என்ன கணக்கு, தம்பி?

ஒல்லியான பிள்ளைகள் பலருக்குப் புரதம் மட்டும் குறைவன்று; மொத்த உணவே குறைவு. ஆலை வண்டி விடியலிலேயே வந்துவிடுவதால் வீட்டில் சமையல் முந்திவிடுகின்றது. பிள்ளையோ எழுந்ததும் ஒரு தேநீரும் இரண்டு வறுக்கியுமாகப் பள்ளிக்குப் போகின்றான். மாலையில் புரோட்டா. உடலுக்கு எரிபொருளே போதாதபோது, உண்ட புரதத்தையும் அது அடுப்பில் விறகாக எரித்துவிடும். தசைக்கு மிச்சம் இராது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் இளம் பருவத்துச் செய்தியொன்று அபூதாவூதிலும் இப்னுமாஜாவிலும் பதிவாகியுள்ளது. அவர்கள் மெலிந்திருந்ததால் உடல் தேற வேண்டுமென்று அவர்களுடைய தாயார் பலவற்றைச் செய்து பார்த்தார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. இறுதியில் வெள்ளரிக்காயைப் பசும் பேரீச்சையுடன் உண்ணத் தந்தார்கள். அழகாக உடல் தேறியது. நபி (ஸல்) அவர்களும் வெள்ளரியைப் பேரீச்சம் பழத்துடன் உண்டிருக்கின்றார்கள் (புகாரி, முஸ்லிம்).

சாத்தூர் வெள்ளரிக்காய்க்குப் பக்கத்து ஊரில் இருந்துகொண்டு இந்த ஹதீஸை நாம் மறக்கலாமா? வெள்ளரியில் பெரும்பாலும் நீரே உண்டு. அது தனியாகத் தசை தராது. பேரீச்சைதான் எரிபொருள். வெயிலில் விளையாடிவிட்டு வரும் பிள்ளைக்கு நீரும் சக்தியும் ஒருசேரக் கிடைக்கும் என்பதே இதன் நுட்பம். அதே சாத்தூரின் காராச்சேவும் புகழ் பெற்றதுதான். அதை நான் குறை சொல்லவில்லை, நானும் உண்பவனே. ஆனால் மாலைப் பசிக்கு அது சுண்டலின் இடத்தைப் பிடித்துவிடக் கூடாது. விருதுநகரின் பொரித்த புரோட்டாவுக்கும் இதே சொல் பொருந்தும்.

கம்பும் குதிரைவாலியும் இக்கரிசல் காட்டின் தானியங்கள். நம் பாட்டன்மார் கம்பங்கூழ் குடித்துக் கமலை இறைத்தவர்கள். இன்று அவை நகரத்துக் கடைகளில் விலையேறி நிற்கின்றன. நாமோ அவற்றைக் கைவிட்டுவிட்டோம்.

இன்னொன்று இரத்தம். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுவரையுள்ள பெண்பிள்ளைகளில் 59 சதவீதத்தினருக்கும், ஆண்பிள்ளைகளில் 31 சதவீதத்தினருக்கும் இரத்தசோகை உள்ளது. இரத்தத்தில் இரும்பு இல்லாதவன் நான்கு தண்டால் எடுப்பதற்குள் இரைப்பான். பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையை ஜன்னல் வழியே எறியாதீர்கள். குடற்புழு மாத்திரை தரும் நாளில் விடுப்பு எடுக்காதீர்கள். முருங்கைக்கீரை நம் கொல்லையிலேயே உண்டு. சோறு உண்ட கையோடு தேநீர் குடித்தால் உணவிலுள்ள இரும்பு உடலில் சேர்வது குறையும். ஆகவே ஒரு மணி நேரமேனும் கழித்துக் குடியுங்கள். இதைப் பெண்பிள்ளைகளின் தாய்மார்கள் சிறப்பாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். வலிமை ஆண்பிள்ளைக்கு மட்டும் என்று மார்க்கம் சொல்லவில்லை. நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷாவுடன் ஓட்டப் பந்தயம் ஓடியிருக்கின்றார்கள் (அபூதாவூத்).

டப்பாவும் ஊசியும்

இப்போது அந்தச் சகோதரரின் கேள்விக்கு வருகின்றேன். பாலைத் திரித்துக் கட்டியைப் பிரித்தெடுத்த பின் தெளிந்த நீர் எஞ்சும் அல்லவா? அதிலுள்ள புரதத்தை உலர்த்திப் பொடியாக்கினால் அதுவே அந்த டப்பா. ஒரு கரண்டிப் பொடியில் ஏறத்தாழ 24 கிராம் புரதம். நான்கு முட்டைக்குச் சமம். அதில் மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. பால் ஹலாலானது. ஆயினும் சிலவற்றில் சேர்க்கும் நொதியும், மாத்திரை உறைகளில் உள்ள ஜெலட்டினும் எந்த விலங்கிலிருந்து வந்தவை என்பதைப் பார்க்க வேண்டும். பன்றியிலிருந்து பெற்ற ஜெலட்டின் ஹராம் என்பதில் ஐயமில்லை. ஐயத்திற்குரியதை விட்டு விலகியவர் தம் மார்க்கத்தையும் மானத்தையும் காத்துக்கொண்டவராவார் என்ற நபிமொழியின் கருத்து (புகாரி, முஸ்லிம்) இங்கே நமக்கு வழிகாட்டும்.

ஆனால் ஹலால் என்பதோடு கேள்வி முடிந்துவிடவில்லை. உண்பது தூய்மையானதாகவும் இருக்க வேண்டும் என்பது குர்ஆனின் நிபந்தனை (2:168). 2024-இல் கேரளத்து மருத்துவர்கள் சிலர் இந்தியச் சந்தையில் விற்கும் 36 புரதப் பொடிகளைச் சோதித்தார்கள். ஏறத்தாழ 70 சதவீதப் பொடிகளில், சீட்டில் அச்சிட்ட புரத அளவு சரியாக இல்லை. சிலவற்றில் பூஞ்சை நச்சும் பூச்சிக்கொல்லி எச்சமும் இருந்தன. அதே 2024-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்களும், தசையை ஏற்றுவதற்கென்று புரதப் பொடிகளை உண்பதைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தின. மருத்துவர் பரிந்துரைத்தால் அது வேறு. பதினெட்டு நிறையாத பிள்ளை தானே வாங்கிக் குடிக்க வேண்டிய பொருள் அது அன்று. ஏற்கெனவே வாங்கிவிட்ட வீட்டார், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் அதில் உள்ளதா என்றாவது பார்த்து, மருத்துவரிடம் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.

பொடியைக் கண்டு நான் பெரிதாக அஞ்சவில்லை. நான் அஞ்சுவது ஊசிக்கு. "இதைப் போட்டால் ஒரு மாதத்தில் ஏறும்" என்று காதோடு சொல்லி விற்கப்படும் ஊசிகளும் மாத்திரைகளும் ஆண்மைச் சுரப்பைச் செயற்கையாக ஏற்றுபவை. மருத்துவர் சீட்டின்றி அவற்றை விற்பதே சட்டப்படிக் குற்றம். வளரும் பிள்ளையின் எலும்பு முனைகளில் வளர்ச்சிக்கென்று அல்லாஹ் வைத்திருக்கும் மென்பகுதியை அவை காலத்திற்கு முன்பே இறுகச் செய்துவிடும். உயரம் அத்தோடு நிற்கும். விதைகள் சுருங்கும், பிற்காலத்தில் குழந்தைப் பேறும் பாதிக்கப்படலாம். ஆணுக்கு மார்பகம் வீங்கும். கல்லீரலும் இதயமும் கெடும். முகம் நிறையப் பரு. மனத்தில் தாங்க முடியாத சினம். மல்யுத்தத்தில் வீழ்த்துபவன் வீரனல்லன், சினத்தின்போது தன்னை அடக்குபவனே வீரன் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னதை (புகாரி, முஸ்லிம்) இங்கே நினைத்துப் பாருங்கள். வீரனாக ஆசைப்பட்டவன் அந்த வீரத்தையே ஊசிக்கு விலையாகக் கொடுக்கின்றான். நம் கைகளாலேயே நம்மை அழிவில் போட்டுக்கொள்வதைக் குர்ஆன் தடுக்கின்றது (2:195). இந்த ஊசி ஹராமா என்று என்னிடம் இரண்டாம் முறை கேட்க வேண்டியதில்லை.

பஞ்சாபின் மாமல்லர் காமா பயில்வானைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இயற்பெயர் குலாம் முகம்மது. 1910-இல் லண்டனில் உலக மல்லர்களுக்கு அறைகூவல் விடுத்தவர். 1928-இல் பாட்டியாலாவில் ஸிபிஸ்கோ என்ற போலந்து மல்லரை ஒரு நிமிடத்திற்குள் வீழ்த்தியவர். அவர் காலத்தில் டப்பாவும் இல்லை, ஊசியும் இல்லை. பால், நெய், பாதாம், இறைச்சி, அகாடா மண். அவர் குடித்த பாலின் அளவைப் பற்றி வியப்பான கதைகள் உலவுகின்றன. அவர் நாள்தோறும் போட்ட தண்டாலும் பஸ்கியும் ஆயிரக்கணக்கில். இருபது தண்டால் எடுத்துவிட்டு அவருடைய பாலைக் கேட்பது நியாயமா என்பதைப் பிள்ளைகளே சொல்லட்டும்.

உறக்கம் என்ற அமானிதம்

இவ்வுரையில் நான் மிகுதியும் வலியுறுத்த விரும்புவது இதைத்தான். உறக்கத்தை ஓய்வாக ஆக்கியிருப்பதாக அல்லாஹ் கூறுகின்றான் (78:9). 13 முதல் 18 வயதுவரையுள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை என்பது மருத்துவர்களின் கணக்கு. வளர்ச்சிச் சுரப்பு ஆழ்ந்த உறக்கத்தில்தான் மிகுதியாகச் சுரக்கின்றது. ஆனால் நம் பிள்ளைகள் நள்ளிரவுவரை கைப்பேசியில், அடுத்தவன் புஜத்தைப் பார்த்துக்கொண்டிருக்கின்றார்கள். தன் புஜம் வளர வேண்டிய நேரத்தை அடுத்தவன் புஜத்தைப் பார்ப்பதில் கழிக்கின்றார்கள்! இஷாவுக்கு முன் உறங்குவதையும், இஷாவுக்குப் பின் பேசிக்கொண்டிருப்பதையும் நபி (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள் (புகாரி). இஷாவை ஜமாஅத்துடன் தொழுதுவிட்டுப் படுக்கின்றவனுக்கு ஃபஜ்ருக்கு எழுவதும் எளிது. தசைக்கும் அதுவே மருந்து.

அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் இளம் வயதில் பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்தார்கள். செய்தி அறிந்த நபி (ஸல்) அவர்கள் அழைத்து, உடலுக்கும் கண்ணுக்கும் அவர்மீது உரிமைகள் இருப்பதை எடுத்துரைத்து, சில நாள் நோன்பு வைக்கவும் சில நாள் விடவும், சிறிது தொழவும் சிறிது உறங்கவும் சொன்னார்கள் (புகாரி). வணக்கத்திற்காகக்கூட உடலின் உரிமையைப் பறிக்க அனுமதி இல்லையென்றால், புஜத்துக்காகவும் கைப்பேசிக்காகவும் பறிப்பதற்கு எங்கே அனுமதி?

நம் ஊரில் உறக்கம் தசையோடு நின்றுவிடும் செய்தி அன்று. பதினெட்டு நிறைந்து ஆலை வேலைக்குப் போகும் தம்பிகள் இங்கே அமர்ந்திருக்கின்றீர்கள். பகலெல்லாம் பெட்டி தூக்குகின்றீர்கள். அதுவே ஒரு கடும் பயிற்சி. மாலையில் ஜிம். இரவு ஒரு மணிவரை கைப்பேசி. விடியற்காலை வண்டி. கண் சொருகும் நிலையில் மருந்தருகே நிற்கின்றவனுடைய கை எவ்வளவு நிதானமாக இருக்கும்? 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12-இல் அச்சங்குளத்திலும் நம் சுற்று வட்டாரம் கண்டதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அவற்றின் காரணங்களை நான் பேச வரவில்லை. வெடிமருந்து இருக்கும் இடத்தில் தூக்கக் கலக்கத்தோடு நிற்காதீர்கள் என்பதை மட்டும் கெஞ்சிக் கேட்கின்றேன். கடின வேலை இருக்கும் நாளில் ஜிம்மை விட்டுவிடுங்கள், தசை ஓடிப்போகாது. வேலை முடிந்ததும், கையில் அலுமினியத் தூளோடும் கந்தகத்தோடும் வடையை எடுக்காமல், சோப்புப் போட்டு நகக்கண்வரை கழுவிவிட்டு உண்ணுங்கள்.

பதினெட்டு நிறையாத பிள்ளையை விடுமுறைதானே என்று ஆலைக்கு அனுப்பும் தகப்பன்மார்களே! 2016-இல் திருத்தப்பட்ட சட்டம் அந்த வயதினரை வெடிபொருள் வேலையில் சேர்ப்பதைத் தடை செய்துள்ளது. 14 வயது இப்னு உமரைத் திருப்பி அனுப்பிய சம்பவத்தை மறுபடியும் சொல்ல வேண்டுமா?

ரமலான் வந்தால் "உடம்பு இறங்கிவிடும்" என்று நோன்பை விடும் இளைஞர்கள் சிலரைப் பற்றியும் செவியுற்றேன். இது வருத்தத்திற்குரியது. ஒரு மாத நோன்பில் முறையாக உண்பவனுடைய தசை கரைந்துவிடாது. ஸஹரில் பரக்கத் இருப்பதாக நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள் (புகாரி, முஸ்லிம்). ஸஹரைப் பிற்படுத்தி, அதில் முட்டையும் பாலும் பருப்பும் சேருங்கள். நம் நோன்புக் கஞ்சியைவிடச் சிறந்த உணவு எங்கே உண்டு? அரிசியில் குறைவாக உள்ள புரதக்கூறு பாசிப்பருப்பில் நிறைவாக உள்ளது. பருப்பில் குறைவானது அரிசியில் உண்டு. இரண்டும் சேர்ந்தால் புரதம் முழுமை பெறுகின்றது. கறித்துண்டும் சேர்ந்தால் கேட்க வேண்டியதில்லை. அதன் பக்கத்தில் வைக்கும் ஐந்தாறு எண்ணெய்ப் பலகாரங்களைக் குறைத்தால் போதும். அம்மாதத்தில் எடையைக் குறைத்து, தராவீஹுக்குப் பின் இலேசான பயிற்சி செய்யலாம். நண்பகல் வெயிலில் வறண்ட தொண்டையோடு எடை தூக்க வேண்டாம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பழக்கமில்லாதவன் முதல் நாளே வெறி கொண்டு பயிற்சி செய்து, மறுநாள் உடல் தாங்க முடியாமல் வலித்து, சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போனால் அது சாதாரணக் களைப்பன்று. தசை சிதைந்து இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்குகின்றது என்று பொருள். எண்ணெய் தேய்த்துக் காத்திராமல் அன்றே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

அந்தப் பையன் சென்ற வாரம் தன் அத்தாவுடன் வந்து ஸலாம் சொன்னான். எடுத்த பணத்தைத் தாயிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டானாம். விடுமுறையில் கடையொன்றில் கணக்கெழுதி அதைத் திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கின்றான். போகும்போது தயங்கி நின்று, "ஹஜ்ரத், கருவாட்டிலும் புரதம் உண்டா?" என்று கேட்டான். நிறைய உண்டு, உப்பும் நிறைய உண்டு, வெந்நீரில் நன்றாக அலசிவிட்டுச் சமைக்கச் சொல் என்றேன்.

அல்லாஹ் அவனுக்கும், நம் பிள்ளைகள் அனைவருக்கும் நலமான உடலையும் ஸாலிஹான வாழ்வையும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன்.